ஸ்டியரிங் எப்போது கனக்கிறது? பழைய வேனில் பவர் ஸ்டியரிங் பழுதைப் பிடிக்கும் வழி

வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, "பவர் ஸ்டியரிங் போச்சு அண்ணே" என்பார்கள். அதற்கு நான் கேட்கும் முதல் கேள்வி: எப்போது கனக்கிறது? காலையில் எடுத்தவுடனா, பினாங்குப் பாலத்து ஜாமில் ஊர்ந்த பிறகா, பார்க்கிங்கில் மட்டுமா, ஒரு பக்கம் திருப்பும்போது மட்டுமா, மழை பெய்தால் மட்டுமா? இதற்குப் பதில் ஒழுங்காக வந்தால் போனட்டைத் திறக்காமலே பாதிப் பழுதைப் பிடித்துவிடலாம். எதுவும் கேட்காமல் "ரேக் மாத்தணும்" என்று ஒரு பட்டறையில் சொன்னால், சாவியை வாங்கிக்கொண்டு அடுத்த கடையைப் பாருங்கள். ஸ்டியரிங் திருப்புவதை முன் சக்கரங்களுக்குக் கடத்தும் ரேக் கெடவே கெடாது என்று சொல்லவில்லை. 15, 20 வருடம் ஓடிய வண்டியில் கெடத்தான் செய்யும். ஆனால் இந்த அமைப்பில் விலையும் வேலையும் கூடிய பொருள் அதுதான். அதன்மேல் சந்தேகம் கடைசியாகத்தான் விழ வேண்டும்.

உங்கள் வண்டி ஆயிலா, மோட்டாரா?

டொயோட்டா அன்செர், முதல் தலைமுறை இன்னோவா, நாசா ரியா, புரோட்டான் எக்சோரா எல்லாம் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்பவை. இன்ஜின் பெல்ட் ஒரு பம்பைச் சுற்றுகிறது. பம்ப் தள்ளும் ஆயில் தடித்த ஹோஸ் வழியாக ரேக்குக்குப் போய், நீங்கள் திருப்பும் பக்கம் சக்கரத்தைத் தள்ளிவிட்டு, இன்னொரு ஹோஸில் டப்பாவுக்குத் திரும்புகிறது. பெரோடுவா அல்சா, டொயோட்டா விஷ், 2006-இல் வந்த எஸ்டிமா போன்றவற்றில் ஆயிலே கிடையாது, மின் மோட்டார்தான். எது என்று தெரியவில்லையா? போனட்டைத் திறந்து, ஸ்டியரிங் வட்டப் படம் போட்ட மூடியுள்ள சின்ன டப்பா இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஆயில். இல்லாவிட்டால் கீழே மோட்டார் வகை பற்றி எழுதியிருப்பதற்கு நேரே போய்விடலாம்.

ஓடும்போதே திடீரென்று கனத்தால்

இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது உயிர் சம்பந்தப்பட்டது. பவர் போனாலும் ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும் உள்ள இரும்பு இணைப்பு அப்படியேதான் இருக்கும். வண்டி திரும்பும், கைதான் வலிக்கும். வேகமாகப் போகும்போது அவ்வளவாகத் தெரியாது. வேகம் குறையக் குறையத்தான் பாரம் ஏறும். அதனால் பதறி பிரேக்கை அழுத்த வேண்டாம், ஓடும் வண்டியில் இன்ஜினை அணைக்கவும் வேண்டாம். இரண்டு கையாலும் பிடித்து, இடது ஓரத்துக்கு மெதுவாகக் கொண்டுவாருங்கள்.

அடுத்து டேஷ்போர்டைப் பாருங்கள். பேட்டரி விளக்கும் எரிந்தால் பெல்ட் அறுந்திருக்கும் அல்லது கழன்றிருக்கும். நிறைய வண்டிகளில் அதே பெல்ட்தான் ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. வாட்டர் பம்ப் நின்றால் சில நிமிடத்தில் இன்ஜின் கொதிக்கும், ஹெட் வளையும். 13.5 கிலோமீட்டர் பினாங்குப் பாலத்தின் நடுவில் இப்படி ஆனால் "கரைக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்று ஓட்டுவது பெரிய செலவுக்கு வழி. டெம்பரேச்சர் முள் ஏற ஆரம்பித்தால் பாதுகாப்பாக ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்து, உதவிக்கு அழைப்பதுதான் சரி. பேட்டரி விளக்கு எரியவில்லை, முள்ளும் அசையவில்லை, ஸ்டியரிங் மட்டும் கனம் என்றால் மெதுவாக ஓட்டிக்கொண்டு வெளியே வந்துவிடலாம். ஆனால் நிறுத்தியவுடன் அடியில் குனிந்து பாருங்கள். ஆயில் தாரையாகக் கொட்டியிருந்தால் மேற்கொண்டு ஓட்டாதீர்கள். வறட்சியாகச் சுற்றும் பம்ப் தன்னைத் தானே அரைத்துக்கொள்ளும். சூடான எக்சாஸ்டில் ஆயில் பட்டால் தீப்பிடிக்கவும் கூடும்.

பணம் செலவில்லாத சோதனைகள்

முதலில் டயர். சிரிக்காதீர்கள், இதற்காகவே பட்டறைக்கு வருகிறவர்கள் உண்டு. முன் டயரில் காற்று இறங்கியிருந்தால் எந்த பவர் ஸ்டியரிங்கும் கனக்கும். ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுப்படி, டயர் குளிர்ந்திருக்கும்போது நிரப்புங்கள். அழகுக்காக அகலமான ரிம் போட்டிருந்தால் அந்தக் கனம் நீங்கள் காசு கொடுத்து வாங்கியது, அதற்குப் பழுது பார்க்க முடியாது.

இரண்டாவது, இன்ஜின் அணைந்த நிலையில் ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக லேசாக அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். இன்ஜின் பிடித்தவுடன் கைக்குக் கீழே ஸ்டியரிங் கொஞ்சம் இளகி நகர வேண்டும். நகர்ந்தால் பவர் இருக்கிறது, போதவில்லை என்பதுதான் புகார். நகரவே இல்லையென்றால் பம்ப் சுற்றவில்லை அல்லது ஆயில் இல்லை.

மூன்றாவது ஆயில் டப்பா. சூடாக இருக்கும்போது ஒரு கோடு, குளிர்ந்திருக்கும்போது ஒரு கோடு என்று இரண்டு அளவு போட்டிருக்கும். எந்த நிலையில் பார்க்கிறீர்களோ அந்தக் கோட்டைப் பாருங்கள். அளவு குறைந்திருந்தால் எங்கேயோ ஒழுகுகிறது என்று அர்த்தம். இது மூடிய அமைப்பு, ஆயில் தானாகத் தீர்ந்துபோகாது. பிறகு வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு தொட்டு வையுங்கள். தெளிந்த சிவப்பு அல்லது தேன் நிறம் என்றால் நல்லது. கறுத்து, கருகிய வாடை அடித்தால் பல வருடமாக மாற்றவில்லை. நுரையாக இருந்து, இன்ஜினை அணைத்துச் சற்று நேரத்தில் தெளிந்துவிட்டால் காற்று புகுந்திருக்கிறது. எவ்வளவு நேரம் விட்டாலும் தெளியாமல் பாலாடை கலந்த மாதிரி மங்கலாகவே இருந்தால் தண்ணீர். 2017 நவம்பர் பினாங்கு வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் இன்னமும் கைமாறிக்கொண்டிருக்கின்றன, அதனால் செகண்ட் ஹேண்ட் வேன் வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள்.

குறைந்த ஆயிலை நிரப்பும்போது மூடியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஊற்றுங்கள். பல ஜப்பானிய வண்டிகள் டெக்ஸ்ரான் வகை ஏடிஎஃப் (ஆட்டோ கியர் ஆயில்) கேட்கும். ஹோண்டா தன் சொந்த ஆயிலைத்தான் கேட்கும். நாசா ரியா போன்ற கொரிய வண்டிகளுக்கும் தனி வகை உண்டு. தப்பித் தவறிக்கூட பிரேக் ஆயிலை ஊற்றிவிடாதீர்கள். ரப்பர் சீல்கள் ஊதி, பம்ப் முதல் ரேக் வரை எல்லாமே போய்விடும்.

நின்ற இடத்தில் கனம், ஆக்சிலரேட்டர் மிதித்தால் லேசு

கொம்தார் கார் பார்க்கின் வளைவில் கை கடுக்கிறது, நெடுஞ்சாலையில் ஒன்றுமில்லை என்கிறார்களே, அந்த வகை இது. ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது, பம்ப் மெதுவாகச் சுற்றுகிறது. அந்த வேகத்திலும் போதிய அழுத்தம் தர வேண்டியது அதன் வேலை. தரவில்லையென்றால் காரணம் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று: பெல்ட் வழுக்குகிறது, பம்ப் தேய்ந்துவிட்டது, அல்லது இன்ஜினின் ஐடிலிங்கே குறைவாக இருக்கிறது.

பெல்ட்டை முதலில் பாருங்கள். திருப்பும்போது "கீச்" என்று கத்தினால் பெரும்பாலும் அதுதான். இன்ஜினை அணைத்துவிட்டு பெல்ட்டின் உள் பக்கத்தைப் பாருங்கள். கண்ணாடிபோல மினுங்கினாலோ வெடிப்பு ஓடியிருந்தாலோ மாற்றிவிடுங்கள். கத்தலுக்குக் காரணம் தெரியாவிட்டால் இன்ஜின் ஓடும்போது தூரத்தில் நின்று கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் சிறிது நேரம் நின்று மறுபடியும் வந்தால் பெல்ட் நேர்கோட்டில் ஓடவில்லை, ஏதோ ஒரு புல்லி சாய்ந்திருக்கிறது. தண்ணீர் பட்டதும் சத்தம் கூடினால் இறுக்கம் போதவில்லை. மழை நாளில் மட்டும் ஸ்டியரிங் கனக்கிறது என்பவர்களுக்கும் இதுதான் விடை. கை, சட்டை நுனி, கழுத்துச் சங்கிலி எதையும் சுற்றும் பெல்ட் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

பெல்ட் சரியாக இருந்தும் கனம் போகவில்லையென்றால் டப்பாவைச் சந்தேகப்படுங்கள். பல டப்பாக்களின் அடியில் சின்ன வலை ஒன்று இருக்கும். பழைய ஆயிலின் கசடு அதில் அடைத்தால் பம்புக்கு ஆயில் போய்ச் சேராது, பம்ப் கெட்டுவிட்டதுபோலவே எல்லா அறிகுறியும் தெரியும். டப்பாவைக் கழற்றிக் கழுவிப் பார்க்காமல் பம்ப் வாங்குவது எனக்குச் சம்மதமில்லாத வேலை.

குளிர்ந்திருக்கும்போது நன்று, சூடேறினால் கனம்

நம் ஊருக்கே உரிய புகார் இது. காலையில் பாகான் டாலாமிலிருந்து கிளம்பும்போது பஞ்சுபோல இருக்கிறது. பாலத்து ஜாமைத் தாண்டி ஜெலுத்தோங் போய்ப் பார்க்கிங் தேடும்போது கல்லாகிவிடுகிறது. சூட்டில் ஆயில் நீர்த்துப்போகும். நல்ல பம்புக்கு அது பொருட்டில்லை. உள்ளே தகடும் வளையமும் தேய்ந்த பம்பில் நீர்த்த ஆயில் இடுக்கு வழியாக நழுவி, அழுத்தம் ஏறாது. ஆகவே சந்தேகம் முதலில் பழைய ஆயில்மேல், அடுத்து பம்ப்மேல்.

ஆயிலை மாற்றிப் பாருங்கள், மலிவான முயற்சி. பெரிய ஊசி சிரிஞ்சால் டப்பாவில் உள்ளதை உறிஞ்சி எடுத்து, புதியதை ஊற்றி, சில நாள் ஓட்டிவிட்டு மறுபடியும் அதையே செய்யுங்கள். நிறம் தெளியும்வரை இப்படி மாற்றலாம். எடுத்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். சுத்தமான ஆயிலிலும் சூட்டில் கனத்தால் பம்பின் அழுத்தத்தை அளந்து பார்த்துவிட வேண்டியதுதான்.

அந்த அளவுக் கருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல கடைகளில் அது இருந்தும் தூசி படிந்து கிடக்கிறது. பம்புக்கும் ரேக்குக்கும் நடுவே ஒரு வால்வோடு மாட்டுவார்கள். வால்வை ஒரு சில விநாடி மட்டும் மூடினால் பம்பின் முழுப் பலமும் முள்ளில் தெரியும். வண்டிக்கு உரிய அளவுக்கு ஏறினால் பம்ப் குற்றவாளி இல்லை, ரேக்கைப் பாருங்கள். ஏறவில்லையென்றால் ரேக்கைத் தொடவே வேண்டாம். 5 விநாடிக்கு மேல் மூடி வைத்தால் நல்ல பம்பும் கெடும். "அளந்து பார்த்தீங்களா?" என்று ஃபோர்மேனிடம் கேட்பதில் தவறே இல்லை. பணம் உங்களுடையது.

ஒரு பக்கம் மட்டும் கனம்

பம்புக்கு இடது வலது தெரியாது. அது ஒரே ஹோஸில்தான் ஆயிலைத் தள்ளுகிறது. எந்தப் பக்கம் என்று பிரித்துக் கொடுப்பது ரேக்கின் தலையில் உள்ள வால்வு. ஆகவே வலப்பக்கம் வெண்ணெய், இடப்பக்கம் கருங்கல் என்றால் பழுது பெரும்பாலும் ரேக்கின் வால்விலோ உள் சீலிலோதான். ரேக்கைச் சந்தேகப்பட எனக்கு முழு உரிமை கிடைக்கும் அறிகுறி இதுதான்.

ஆனாலும் உறுதி செய்துகொள்ளுங்கள். முன் பக்கத்தை ஜாக்கில் தூக்கி, ஸ்டாண்ட் வைத்து, பின் சக்கரத்துக்குக் கட்டை போட்டுவிட்டு இன்ஜினை ஓட விடுங்கள். ஸ்டியரிங்கில் கை வைக்காமல் பாருங்கள். அது தானாக ஒரு பக்கம் நகர்ந்தால் வால்வு சமநிலை இழந்துவிட்டது. அசையாமல் நின்றால் விரலால் இரண்டு பக்கமும் திருப்பி ஒப்பிடுங்கள்.

பள்ளி வேன் ஓட்டும் ஓர் அக்கா இப்படித்தான் வந்தார். வேறொரு பட்டறையில் ரேக் என்று சொல்லி ஹாஃப் கட் (வெட்டிய பழைய வண்டிகளின் உதிரிப்பொருள்) கடையில் விலைகூடக் கேட்டு வைத்துவிட்டார்கள். "இடது பக்கம்தான் தம்பி, பிள்ளைங்கள இறக்கிட்டு லோரோங்ல திருப்பவே முடியல" என்றார். வண்டியைத் தூக்கித் திருப்பினேன், இரண்டு பக்கமும் சமம். கீழே இறக்கினேன், இடப்பக்கம் கனம். தூக்கினால் போய்விடுகிற கனம் என்றால் ரேக்குக்கு வெளியேயும் தேட வேண்டும். இடது முன் சக்கரத்து அப்சார்பரின் மேல் மவுண்டிங்கில் கையை வைத்துக்கொண்டு அவரைத் திருப்பச் சொன்னேன். பேரிங் சுற்றாமல் ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு, பிறகு "டங்" என்று விடுவது உள்ளங்கையில் தெரிந்தது. மாற்றியது அந்த மவுண்டிங்கைத்தான்.

திருப்பிய பிறகு நேராக வராமல் நின்றுவிடுகிறது

மேலே சொன்னதோடு சேர்ந்தது இதுவும். ஆயர் ஈத்தாமிலிருந்து பாலிக் புலாவ் போகும் மலைப்பாதை இதற்கு நல்ல பரிசோதனைச் சாலை. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவு முடியும்போதும் ஸ்டியரிங் கைக்குள் தானாக நழுவி நேராக வேண்டும். நீங்கள் இழுத்துத்தான் நேராக்க வேண்டியிருக்கிறது என்றால் பவரில் குறையில்லை, எங்கோ இரும்பு இறுகியிருக்கிறது. பால் ஜாயின்ட் காய்ந்திருக்கலாம், மவுண்டிங் பேரிங் பிடித்திருக்கலாம், சக்கர அலைன்மென்ட் தப்பியிருக்கலாம். ஸ்டியரிங் தண்டின் அடியில், மிதிபலகைக்குக் கீழே உள்ள யுனிவர்சல் ஜாயின்ட் துருப்பிடித்திருக்கவும் கூடும். அதற்கு ஓர் அடையாளம் உண்டு: ஒரு முழுச் சுற்றில் இரண்டு இடத்தில் இறுகி இரண்டு இடத்தில் இளகும். கனம் சுற்றுக்கு இரண்டு முறை வந்து போனால் வேறெங்கும் தேட வேண்டாம்.

வண்டியைத் தூக்கி, இன்ஜினை அணைத்து, கையால் திருப்பினாலும் இந்த இறுக்கம் தெரியும். அணைந்த இன்ஜினில் தெரியும் பழுதை எந்தப் பம்பும் தீர்க்காது.

சத்தத்தை வைத்து

பெல்ட்டின் கீச்சுக் குரலைச் சொல்லிவிட்டேன். அடுத்தது "ம்ம்ம்ம்" என்று முனகும் சத்தம். ஆக்சிலரேட்டரோடு சேர்ந்து ஏறி இறங்கும், ஸ்டியரிங்கைத் திருப்பினால் இன்னும் பலமாகும். இப்படித் திருப்பும்போது மாறினால்தான் பம்ப். திருப்பினாலும் திருப்பாவிட்டாலும் ஒரே மாதிரி கேட்டால் ஆல்டர்னேட்டர் அல்லது பெல்ட்டை இறுக்கும் டென்ஷனர் பேரிங்.

முனகல் வந்தவுடன் பம்ப் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பெரும்பாலும் அது காற்றைக் குடித்துவிட்ட பம்பின் குரல். ஆயில் குறைவா என்று பாருங்கள். நிறைவாக இருந்தும் டப்பாவில் நுரை தெரிந்தால் டப்பாவிலிருந்து பம்புக்கு வரும் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள். அது உறிஞ்சும் பக்கம். அங்கே வெடிப்பிருந்தாலோ கிளிப் தளர்ந்திருந்தாலோ ஆயில் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். இதனால்தான் "எங்கேயும் ஒழுகல, ஆனா சத்தம் போகல" என்று பலர் பம்ப் மாற்றிவிட்டு, அதே சத்தத்தோடு திரும்புகிறார்கள். அந்த ஹோஸ் ரப்பரை விரலால் அமுக்கிப் பாருங்கள். மரம்போல விறைத்திருந்தால் ஹோஸ், கிளிப், பம்ப் வாயில் உள்ள ஓ-ரிங் மூன்றையும் மாற்றுங்கள். மூன்றும் சேர்ந்தாலும் பம்ப் விலைக்குப் பக்கத்தில் வராது.

முழுவதும் திருப்பி இடிக்கும் இடத்தில் மட்டும் "ஸ்ஸ்" என்று வந்தால் அது பழுதல்ல. அழுத்தம் உச்சிக்குப் போய் ரிலீஃப் வால்வு திறக்கிறது. ஆனால் அங்கேயே பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள், ஆயில் கொதித்துவிடும்.

ஒழுகினால் எங்கே என்று பாருங்கள்

காலையில் வண்டிக்குக் கீழே ஈரம் தெரிந்தால் முதலில் விரலால் தொட்டுப் பாருங்கள். ஏர்கோன் தண்ணீருக்கு நிறமும் இல்லை, வழுவழுப்பும் இல்லை. அதைப் பார்த்து பயந்து வந்தவர்கள் நிறைய. வழுவழுப்பாக இருந்தால், பவர் ஸ்டியரிங் ஆயிலா, இன்ஜின் ஆயிலா, கியர்பாக்ஸ் ஆயிலா என்பது அடுத்த கேள்வி. பவர் ஸ்டியரிங்கிலும் ஆட்டோ கியரிலும் ஏடிஎஃப் ஓடும் வண்டியில் நிறத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. எந்த டப்பாவில் அளவு இறங்குகிறது என்பதுதான் சாட்சி. மேலே இன்ஜின் மூடியிலிருந்து வடியும் ஆயில் வழிந்து ரேக்கின் மேல் விழுந்து, ரேக்கே ஒழுகுவதுபோலக் காட்டுவதும் வழக்கமான ஏமாற்று. எல்லாவற்றையும் டிக்ரீசர் போட்டுக் கழுவி, காயவிட்டு, ஒரு நாள் ஓட்டிவிட்டுப் பாருங்கள். புது ஈரம் எங்கே தொடங்குகிறதோ, அதில் மிக உயரமான இடம்தான் ஊற்று.

தேட வேண்டிய இடங்கள் நான்கு. பம்பின் புல்லிக்குப் பின்னால் ஈரம் வட்டமாகத் தெறித்திருந்தால் பம்ப் தண்டின் சீல். தடித்த ஹோஸில் ரப்பரும் இரும்பும் சேரும் கவ்வு இடத்தில் வியர்த்திருந்தால் ஹோஸ். இதற்குப் புதுசு கிடைக்காத பழைய வண்டி என்றாலும் கவலையில்லை, ஹைட்ராலிக் ஹோஸ் செய்யும் கடையில் பழைய முனைகளைக் கொடுத்தால் அழுத்தம் தாங்கும் புது ஹோஸைக் கவ்வித் தருவார்கள். சாதாரண ரப்பர் குழாயைச் செருகி கிளிப் போடுவது மட்டும் வேண்டாம். முழுவதும் திருப்பும்போது அந்த ஹோஸுக்குள் அழுத்தம் 70 பார் அளவுக்கு மேலே போகும், டயர் காற்றைப்போல 30 மடங்கு. அதே காரணத்தால் ஓடும் இன்ஜினில் ஒழுகலைக் கையால் தடவித் தேடக்கூடாது. ஊசித் துளையிலிருந்து பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள், அட்டை நனையட்டும்.

மூன்றாவது இடம், முன்பக்கம் ஓடும் இரும்புக் குழாய். ஆயிலைக் குளிர்விக்க ரேடியேட்டருக்கு முன்னே சுற்றிவிட்டிருப்பார்கள். தஞ்சோங் பூங்கா, பத்து பெரிங்கி பக்கம் கடற்காற்றில் நிற்கும் வண்டிகளில் கிளாம்ப் பிடிக்கும் இடத்தில் துருவேறி ஊசித் துளை விழும். கிளாம்ப்பைக் கழற்றித்தான் பார்க்க முடியும்.

நான்காவது ரேக்கின் இரண்டு முனையிலும் உள்ள மடிப்பு ரப்பர் பூட். வெளியே உலர்ந்திருந்தாலும் நம்பாதீர்கள். கையால் பிடித்து அமுக்குங்கள். உள்ளே களக் களக் என்று அசைந்தால் ஆயில் தேங்கியிருக்கிறது. உறுதியாகத் தெரிய, சின்னக் கிளிப்பைத் தளர்த்தி ரப்பரின் உதட்டை ஸ்குரூ டிரைவரால் தூக்கினால் கீழே வைத்த துணியில் கொட்டும். அது கொட்டினால் ரேக்கின் சீல் போய்விட்டது. எந்தப் பக்கச் சீல் என்று மட்டும் உடனே சொல்லிவிட முடியாது. சில ரேக்குகளில் இரண்டு ரப்பர் பூட்களுக்கும் நடுவே காற்றுக் குழாய் ஓடுகிறது, அதன் வழியாக ஆயில் மறுபக்கமும் போய்விடும்.

ஒழுகலை நிறுத்தும் ஆயில் என்று டின்னில் விற்கிறார்களே? அது பழைய ரப்பரைக் கொஞ்சம் ஊதவைத்து இளக்குகிறது. லேசான வியர்வைக்குச் சில மாதம் தாங்கலாம். வெடித்த ஹோஸுக்கோ கிழிந்த சீலுக்கோ பயன்படாது. புஸ்பாகோம் வண்டித் தகுதிப் பரிசோதனைக்கு முதல் நாள் ஊற்றுகிறவர்களை எனக்குத் தெரியும், அவர்களுக்கு என் பதில் சிரிப்புதான்.

திருப்பினால் இன்ஜின் ஆடி அணைகிறது

ஏர்கோன் போட்டுக்கொண்டு முழுவதும் திருப்பும்போது இன்ஜின் துடித்து அணைந்தால் ஸ்டியரிங்கைக் குறை சொல்லாதீர்கள். தடித்த குழாயில் சின்ன பிரஷர் சுவிட்ச் ஒன்று இருக்கும். பாரம் ஏறுகிறது என்று இன்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்லி ஐடிலிங்கை உயர்த்தச் செய்வது அதுதான். அதன் வயர் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இன்ஜினுக்குக் காற்று விடும் திராட்டல் பாடியைச் சுத்தம் செய்யுங்கள்.

மோட்டார் வகை வண்டிகளுக்கு

இதில் பம்ப், பெல்ட், ஆயில் எதுவும் இல்லை, எனவே முதல் சந்தேகம் மின்சாரத்தின்மேல். பழைய பேட்டரி, துருப்பிடித்த பேட்டரி முனை, சார்ஜ் குறைந்த ஆல்டர்னேட்டர் மூன்றில் எது இருந்தாலும் ஸ்டியரிங் விளக்கு எரிந்து கனத்துவிடும். மீட்டர் வைத்து அளந்துவிட்டுப் பெரிய ஃபியூஸைப் பாருங்கள். நெருக்கடியான இடத்தில் பல தடவை முழுவதும் திருப்பித் திருப்பி பார்க் செய்தபின் கனத்து, கொஞ்ச நேரத்தில் சரியானால் மோட்டார் சூடாகித் தன்னைக் காத்துக்கொண்டிருக்கிறது, அது பழுதல்ல. விளக்கு அடிக்கடி வந்தால் ஸ்கேன் செய்து பழுதுக் குறியீட்டைப் படித்துவிட்டுத்தான் பொருள் வாங்க வேண்டும். அந்தக் குறியீட்டை அழித்துவிட்டு "ரீசெட் பண்ணியாச்சு" என்று அனுப்பும் கடை எதையும் சரிசெய்யவில்லை. வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் கனெக்டர்களைப் பிரித்துப் பச்சைப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள்.

காற்றை எடுப்பது

ஆயில் வகையில் எந்த ஹோஸைக் கழற்றினாலும் கடைசியில் காற்றை வெளியேற்ற வேண்டும். அவசரப்படுகிறவர்கள் இன்ஜினை உடனே ஸ்டார்ட் செய்து ஆயிலை நுரையாக அடித்துவிடுகிறார்கள். முன் சக்கரங்களைத் தூக்கி, டப்பாவை நிரப்பி, இன்ஜின் அணைந்த நிலையிலேயே ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு மெதுவாக 15 தடவையாவது திருப்புங்கள். ஒருவர் திருப்ப, ஒருவர் டப்பாவைப் பார்த்து நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். குமிழ் வருவது நின்ற பிறகு ஸ்டார்ட் செய்து அதையே திரும்பச் செய்யுங்கள். இடிக்கும் இடத்தில் பிடித்து நிறுத்தாதீர்கள். நுரை தெரிந்தால் அணைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். தெளிந்தபின் மறுபடியும் திருப்புங்கள்.

ரேக் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால்

சோதனையெல்லாம் முடிந்து ரேக்தான் என்று உறுதியானால் புதியது, ரீகண்டிஷன் (பழையதைச் சீரமைத்தது), ஹாஃப் கட் என்று மூன்று வழி. ஹாஃப் கட் ரேக் வாங்கினால் கடையிலேயே ரப்பர் பூட்களைத் தூக்கி உள்ளே உலர்வாக இருக்கிறதா, தண்டில் துருப்புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு துருப்புள்ளி போதும், சீலைக் கிழித்துவிடும். ரீகண்டிஷன் என்றால் எத்தனை மாத வாரண்டி என்று ரசீதில் எழுதி வாங்குங்கள்.

பழைய பம்ப் அரைபட்டு இறந்திருந்தால் அதன் இரும்புத்தூள் குழாயெல்லாம் கிடக்கும். கழுவாமல் புது ரேக்கை மாட்டினால் அந்தத் தூள் நேராக அதற்குள்தான் போகும். குழாய்களைக் கழுவி, வலை உள்ள டப்பாவையும் மாற்றச் சொல்லுங்கள்.

ஸ்டியரிங் தண்டைக் கழற்றுவதற்கு முன் ஸ்டியரிங்கை நேராக வைத்து, சீட் பெல்ட்டால் கட்டிவிட வேண்டும். கழன்ற தண்டில் ஸ்டியரிங்கை யாராவது விளையாட்டாகச் சுற்றிவிட்டால் உள்ளே ஏர்பேக், ஹாரன் வயரைச் சுற்றியிருக்கும் ரிப்பன் அறுந்து, ஏர்பேக் விளக்கு எரியும், அது தனிச் செலவு. வேலை முடிந்ததும் அலைன்மென்ட் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள். ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட்டின் நீளம் பழையபடி துல்லியமாக வராது, ஒரு மாதத்தில் முன் டயர் இரண்டும் ஓரம் தேய்ந்து நிற்கும்.